கால்சியம் எங்கே போனது?

கால்கான் என்கிற பெயரைப் பிரித்தால் இரண்டு ஆங்கிலச் சொற்கள் கிடைக்கும்: கால்சியம், கான். நம்ம தமிழில் சொன்னால் 'கால்சியம் போச்சு'. 1930களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் வைத்த பெயர். வாஷிங் மெஷினில் உப்புப் படியாமல் இருக்கப் போடும் மாத்திரையாக இன்றைக்கும் ஐரோப்பாவில் அதே பெயரில் விற்கிறது. உள்ளே இருக்கும் சரக்குதான் முழுசாக மாறிவிட்டது.

இந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். போச்சு, சரி. எங்க போச்சு? கால்சியம் ஒரு தனிமம். அது ஆவியாகாது, எரிந்து தீராது. ஒரு இடத்தில் இல்லை என்றால் இன்னொரு இடத்தில் இருந்தே ஆகவேண்டும். கொஞ்ச நாளாக இது பற்றிப் படித்துச் சேர்த்த குறிப்புகளை அடுக்கிப் பார்த்தபோது, துவைப்பதன் இருநூறு வருட வேதியியலே இந்தக் கேள்விக்குச் சொன்ன வெவ்வேறு பதில்கள்தான் என்று தோன்றியது. ஒவ்வொரு பதிலுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். சில சமயம் துணி, சில சமயம் மெஷின், ஒரு சமயம் ஒரு பெரிய ஏரி.

வெள்ளை எங்கிருந்து வருது?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைத் தொட்டதும் கல் கரைந்து கால்சியம் பைகார்பனேட்டாக நீரில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. குடித்தால் கொஞ்சம் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். அதே நீரைச் சூடாக்கினால் கதை பின்னோக்கி ஓடும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், கல் மறுபடியும் கல்லாகும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சர்க்கரையும் பெரும்பாலான உப்புகளும் சூட்டில் அதிகமாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும். மெஷினுக்குள் அதிகச் சூடான இடம் ஹீட்டர் கம்பியின் மேல்பரப்பு. ஆகவே கல் வேறெங்கும் போகாமல் சரியாக அங்கேதான் போய் உட்காரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று விரும்பத்தக்க அளவு வைத்திருக்கிறது. வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. நடுவில் 300 என்று எடுத்துக்கொள்வோம். முன்பக்கக் கதவு மெஷின் ஒரு துவையலில் 15 லிட்டர் நீரைச் சூடாக்கினால் அதற்குள் 4.5 கிராம் கல் இருக்கிறது. அத்தனையும் படியாது. பெரும்பகுதி நீரோடு வெளியே போய்விடும். ஆனால் வருடத்துக்கு 200 துவையல் என்றால் ஹீட்டரைக் கடந்துபோகும் கல் ஏறக்குறைய ஒரு கிலோ.

'படிவு வந்தால் கரண்ட் பில் எகிறும்' என்று விளம்பரங்கள் சொல்லும். மெஷின் விஷயத்தில் அது பாதி உண்மைதான். கம்பி நீருக்குள் மூழ்கியிருக்கிறது, அதன் வெப்பத்துக்கு நீரைத் தவிரப் போக வேறு இடமில்லை. தாமதமாக ஆனாலும் வெப்பம் நீருக்கே போய்ச் சேரும். உண்மையான பிரச்சினை கம்பியின் தலைவலி. மேலே கல் போர்வை இருப்பதால் உள்சூடு ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் கம்பி எரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் மேலே மூடி திறக்கும் மெஷின்கள் அதிகம். பலதில் ஹீட்டரே கிடையாது. பச்சைத் தண்ணியில்தான் துவைக்கும். அங்கே கம்பி எரியும் பயம் இல்லை. அங்கே கால்சியம் வேறு வழியில் வேலையைக் காட்டும்: சோப்பைத் திரிக்கும்.

உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காமல் பால் மாதிரித் திரிவதைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. கால்சியம் சோப்பின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத பிசுக்காகிவிடுகிறது. அதே 300 அளவு நீரில் ஒரு 20 லிட்டர் வாளிக்கு 35 கிராமுக்கு மேல் சோப்பு இப்படியே வீணாகும். அந்தக் கடன் தீர்ந்த பிறகுதான் முதல் நுரையே எழும்பும்.

முதல் பதில்: கீழே படிய வை

இந்த வீண்செலவைக் கணக்காக எடுத்துக்கொண்டவர் தாமஸ் கிளார்க். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். லண்டன் நகரத்தின் தண்ணீர் கடினமானது, அதைச் சுற்றிலும் சுண்ணப்பாறை. 1841ல் கிளார்க் எடுத்த காப்புரிமை கேட்கவே வேடிக்கையானது. தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாக இருக்கிறதா? அதில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடு!

விளையாட்டில்லை. சுண்ணாம்புத் தெளிநீர் நீரில் இருக்கும் பைகார்பனேட்டைக் கார்பனேட்டாக மாற்றிவிடும். போட்ட கால்சியமும் ஏற்கெனவே இருந்த கால்சியமும் ஒன்றுசேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்த மென்னீர். பெரிய நீர்நிலையங்களில் இந்த முறை இன்றைக்கும் உண்டு. நீரின் கடினத்தன்மையை அளக்க அளவான சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கி நுரை நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையும் கிளார்க் கொடுத்ததுதான். அவர் பெயரில் ஓர் அலகே இருக்கிறது.

வீட்டுக்குத் தொட்டி கட்ட முடியாதே. வீட்டில் அதே வேலையைச் செய்தது சலவைச் சோடா. அதன் கார்பனேட் கால்சியத்தைப் பிடித்துப் படிய வைக்கும். நம்ம ஊர் வண்ணார்கள் வெள்ளாவிக்குப் பயன்படுத்திய உவர்மண்ணின் சக்தியும் சோடாதான். சோப்பு தெருவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அழுக்கு போக்கிய மண் அது. ஐரோப்பாவில் 1791ல் லெப்லாங்க் முறையும் 1860களில் சோல்வே முறையும் சோடாவை மலிவாக்கின. ஜெர்மனியில் ஹென்கெல் 1878ல் விற்ற பொடியில் சோடாவும் சிலிகேட்டும்தான் சரக்கு.

கால்சியம் எங்கே போனது? துணிக்குள். வாளி அடியில் படிய வேண்டிய நுண்துகள் நூலிழைகளுக்கு நடுவிலும் படியும். வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாவதும், காய்ந்த துண்டு மொரமொரவென்று நிற்பதும் இதனால்தான். கையால் அடித்துத் துவைத்து ஓடுகிற நீரில் அலசினால் கொஞ்சம் போகும். மூடின தொட்டிக்குள் சுழலும் மெஷினில் போகாது, துணியிலும் படியும், மெஷினிலும் படியும். மெஷின் யுகத்துக்கு வேறு பதில் தேவைப்பட்டது.

இரண்டாம் பதில்: கரைசலிலேயே கட்டிப்போடு

இங்கே ஒரு அழகான தற்செயல். சுண்ணாம்பு போட்ட அதே தாமஸ் கிளார்க், கிளாஸ்கோவில் இருந்த இளவயதில், 1820களில் சோடியம் பைரோபாஸ்பேட்டைக் கண்டுபிடித்திருந்தார். சாதாரண பாஸ்பேட்டைச் சூடாக்கினால் நீர் வெளியேறி இரண்டு பாஸ்பேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். கிளாஸ்கோவில் அவருக்குப் பின் வந்த தாமஸ் கிரஹாம் அந்தத் தடத்திலேயே போய் 1833ல் பாஸ்பேட்டுகளின் குடும்பத்தையே விளக்கினார். அதில் ஒன்று, உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடி மாதிரி உறையும் பொருள். கிரஹாம் உப்பு என்பார்கள். பின்னாளில் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஹெக்ஸா என்றால் ஆறு. உண்மையில் அது ஆறு அல்ல, நீளமான சங்கிலி. பெயர் தப்பு என்று தெரிந்த பிறகும் யாரும் மாற்றவில்லை.

அந்தக் கண்ணாடி சுமார் நூறு வருடம் அலமாரியில் கிடந்தது. எடுத்தவர் ரால்ப் ஹால், பிட்ஸ்பர்க்கில் கொதிகலன் நீரில் வேலை செய்தவர். கொதிகலனில் படியும் கல்லைப் பாஸ்பேட்டால் சேறாக மாற்றும் வேலை அவருடையது. அந்த வழியில் வந்தவருக்கு மெட்டாபாஸ்பேட் வேறு ஒரு வேலையும் செய்வது தெரிந்தது. அது கால்சியத்தைப் படிய வைக்கவில்லை. சங்கிலியால் சுற்றிக் கட்டிக் கரைசலிலேயே நிறுத்தியது. ஏற்கெனவே திரிந்துபோன சோப்பில் போட்டால்கூட திரிந்தது மறுபடி கரைந்தது. 1934ல் காப்புரிமை. கால்கான் பிறந்த கதை இது.

அடுத்த ஆச்சரியம் சில வருடங்களில் வந்தது. கட்டிப்போடுவது என்றால் கால்சியத்தின் அளவுக்கு ஏற்ற பாஸ்பேட் வேண்டும். ஆனால் லிட்டருக்கு வெறும் சில மில்லிகிராம் போட்டாலே, நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கல் படியாமல் நின்றது. கணக்கு உதைக்கிறதே? ஹாட்ச், ரைஸ் இருவரும் 1939ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். விடை கரைசலில் இல்லை, படிகத்தின் மேல்பரப்பில் இருக்கிறது. படிகம் படிப்படியாக வளரும். புதுத் துகள் வந்து ஒட்டும் மூலைகள் சிலதான். சங்கிலி அந்த மூலைகளில் போய் உட்கார்ந்துவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். ஊரில் இருக்கும் எல்லாரையும் பிடிக்கத் தேவையில்லை, வாசலில் ஒரு ஆள் நின்றால் போதும் என்கிற மாதிரி. இன்றைக்குப் படிவுத் தடுப்பான் என்று விற்கும் அத்தனைக்கும் இதுதான் அடிப்படை.

துவைக்கும் பவுடருக்குள் வந்தது இதன் தம்பி, மூன்று பாஸ்பேட் கொண்ட டிரைபாலிபாஸ்பேட். புராக்டர் அண்ட் காம்பிள் நிறுவனத்தில் டேவிட் பையர்லி பல வருடம் நிர்வாகத்தின் பெரிய ஆதரவு இல்லாமலேயே இதில் மெனக்கெட்டார். அழுக்கு நீக்கியைக் குறைத்து, துணைப்பொருளான பாஸ்பேட்டை அதைவிட அதிகமாகப் போடு என்பதுதான் அவர் கண்டது. அதுவரை இருந்த வழக்கத்துக்குத் தலைகீழ். 1946ல் டைட் சந்தைக்கு வந்தது. கடின நீரிலும் துணி வெளுத்தது, மெஷினும் சுத்தமாக இருந்தது. கால்சியம் சாக்கடை வழியாக, கட்டிப்போட்ட பாஸ்பேட்டோடு சேர்ந்து போனது.

வேதியியலாகப் பார்த்தால் இதைவிடச் சிறந்த பதில் இன்றுவரை இல்லை என்றே நினைக்கிறேன். ஒரே பொருள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிக்கும், அழுக்கை மிதக்க வைக்கும், காரத்தன்மையை நிலையாக வைக்கும், கையையும் அரிக்காது. அதனால்தான் அடுத்து நடந்தது அவ்வளவு சிக்கலானது.

ஏரி கொடுத்த விலை

300 அளவு கடின நீர் 15 லிட்டரைக் கட்ட ஏறக்குறைய 16 கிராம் டிரைபாலிபாஸ்பேட் வேண்டும். அதில் கால்பங்கு, அதாவது 4 கிராம், பாஸ்பரஸ். நன்னீர்ப் பாசியின் உடம்பில் பாஸ்பரஸ் மிகக் கொஞ்சம். 1 கிராம் பாஸ்பரஸ் கிடைத்தால் சுமார் 100 கிராம் உலர் பாசி வளரலாம். ஒரு வீட்டின் ஒரு துவையலில் 400 கிராம் பாசிக்கான உரம். 1960களில் அமெரிக்கப் பவுடர்களில் எடையில் பாதி வரைக்கும்கூட இந்தப் பாஸ்பேட் இருந்தது.

எரி ஏரி பச்சையானது. பாசி செத்து அடியில் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்தது. பாஸ்பேட்தான் காரணமா என்று பெரிய சண்டை. காரணம் கார்பன் என்றும் நைட்ரஜன் என்றும் வாதாடியவர்கள் இருந்தார்கள். பவுடர் தொழிலுக்கு அந்த வாதம் வசதியாகவும் இருந்தது.

சண்டையை முடித்தது ஒரு திரை. கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய சிறு ஏரிகள் உண்டு. அதில் 226 என்று எண்ணிட்ட ஏரி நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருக்கும். 1973ல் டேவிட் ஷிண்ட்லர் குழு அந்த இடுப்பில் திரை கட்டி ஏரியை இரண்டாக்கியது. இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப்பசேல் என்று ஆனது. மேலிருந்து எடுத்த படம், ஒரு பக்கம் தெளிவு, ஒரு பக்கம் பாசி. எத்தனை பக்க அறிக்கை எழுதினாலும் அந்த ஒரு படம் செய்த வேலையைச் செய்திருக்காது.

அதற்கு முன்பே சட்டங்கள் நகர ஆரம்பித்திருந்தன. 1970ல் கனடா கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1972ல் அமெரிக்காவும் கனடாவும் பெரிய ஏரிகளுக்காக ஒப்பந்தம் போட்டன. ஆனால் பாஸ்பேட்டை எடுத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது?

முதலில் என்.டி.ஏ. என்கிற கரிமப் பொருள். கால்சியத்தை நன்றாகவே பிடிக்கும். ஆனால் எலிச் சோதனைகளில் காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களோடு சேரும்போது கருவுக்குத் தீங்கு வரலாம் என்று ஐயம் வந்தது. 1970 டிசம்பரில் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். கனடா தொடர்ந்து பயன்படுத்தியது. அடுத்து, பழைய சோடா தூக்கலாகத் திரும்பி வந்தது. காரம் அதிகமான பவுடரைக் குழந்தைகள் வாயில் வைத்தால் என்ன ஆகும்? 1971 செப்டம்பரில் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி ஜெஸ்ஸி ஸ்டீன்ஃபெல்ட், இந்தப் பவுடர்களைவிடப் பாஸ்பேட்டே மேல் என்று சொல்லவேண்டி வந்தது. முந்தின வருடம் பாஸ்பேட்டை விடு என்று சொன்ன அரசு, மறு வருடம் அதையே வாங்கு என்கிறது. குடும்பத் தலைவிகள் என்னதான் செய்வார்கள்?

நம்ம நாட்டில் கதை வேறு பாதை. 1969ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா சோடா தூக்கலான, பாஸ்பேட் இல்லாத பவுடர். ஏரியை நினைத்து அல்ல, விலையை நினைத்து. ஆனாலும் ஏரிக்கு அது நல்லதாக அமைந்தது. விலையைக் கொடுத்தது துவைக்கிற கை.

மூன்றாம் பதில்: ஆள் மாற்று

1756ல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது கொதிப்பது போல ஆவி விட்டது. கொதிக்கும் கல் என்ற பொருளில் ஜியோலைட் என்று பெயர் வைத்தார். உள்ளே முழுக்கக் கூண்டுகள். கூண்டுக்குள் சோடியம். கடின நீர் பட்டால் கால்சியம் உள்ளே போய்ச் சோடியம் வெளியே வரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்லினில் ராபர்ட் கான்ஸ் இந்த ஆள்மாற்றத்தை நீர் மென்மையாக்கப் பயன்படுத்தினார்.

பவுடருக்கு ஏற்ற வகையான ஜியோலைட் ஏ, 1940களின் கடைசியில் அமெரிக்காவில் ராபர்ட் மில்டன் கையில் உருவானது. அவர் தேடியது சலவைக்கு அல்ல, காற்றிலிருந்து வாயுக்களைப் பிரிக்க. 1970களில் ஹென்கெல் அதைப் பவுடருக்குள் கொண்டுவந்தது. 1986ல் சுவிட்சர்லாந்து துணிப் பவுடரில் பாஸ்பேட்டைத் தடைசெய்தது. அதே வருடம் ஜெர்மனியில் பாஸ்பேட் இல்லாத பர்சில் வந்தது. 2013 ஜூன் 30லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும், ஒரு துவையல் அளவில் அரை கிராம் பாஸ்பரஸுக்கு மேல் கூடாது.

ஜியோலைட் பாசிக்கு உணவாகாது. ஆனால் தனியாக நின்றால் ஜெயிக்காது. மெக்னீசியம் தன்னைச் சுற்றி நீரை இறுகப் பிடித்திருப்பதால் கூண்டுக்குள் மெதுவாகத்தான் நுழையும். கால்சியமும் உள்ளே போகக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் படிகம் முளைத்துவிடலாம். அங்கேதான் 1939ன் வாசல்காவலர் பாடம் திரும்ப வந்தது. அக்ரிலிக், மாலெயிக் அமிலங்களாலான நீள்சங்கிலிப் பாலிமர்களைக் கொஞ்சமாகச் சேர்த்தால் அவை படிக மூலைகளில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைய மெஷின் மாத்திரைகளிலும் பவுடர்களிலும் வேலை செய்வது பெரும்பாலும் இந்தக் கூட்டணிதான். இந்தப் பாலிமர்கள் எளிதில் மட்குவதில்லை. பெரும்பாலும் கழிவுநீர்ச் சேற்றில் போய்ச் சேர்கின்றன. அந்தப் பில் இன்னும் நம் கைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, நம்ம வீட்டுக்கு?

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குப் பயன்பட்ட சில விஷயங்கள்.

குழாயில் மாட்டும் சின்ன ஃபில்டருக்குள் கண்ணாடிக் குண்டுகள் போல இருப்பது பல சமயம் கிரஹாம் உப்பின் வகைதான். அது கால்சியத்தை எடுக்காது, படிவதை மட்டும் தள்ளிப்போடும். அதனால் கம்பிக்கு நல்லது, ஆனால் சோப்பு அப்படியேதான் திரியும். டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி விற்பவர்களிடம் ஒரு வார்த்தை: உப்புப் போட்டு இயக்கும் உண்மையான சாஃப்ட்னர்கூட டிடிஎஸ்ஸைக் குறைக்காது. கால்சியம் போன இடத்தில் சோடியம் வந்து நிற்கிறது. அளக்க வேண்டியது கடினத்தன்மையை.

சூடு குறைந்தால் படிவு குறையும். 60 டிகிரி தேவைப்படாத துணிக்கு 40 போதும். ஏற்கெனவே படிந்த கல்லுக்குச் சிட்ரிக் அமிலம். 100 கிராம் கணக்குப்படி 70 கிராமுக்கு மேல் கல்லைக் கரைக்க வல்லது. துணி இல்லாமல் மெஷினை ஓட்டவேண்டும். பிளீச்சோடு மட்டும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது, குளோரின் வாயு வரும்.

பவுடரை நீரின் கடினத்துக்கு ஏற்ப அளந்து போடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். குறைவாகப் போட்டால் கல் மெஷினில், அதிகமாகப் போட்டால் மிச்சம் ஏரியில். 2015லிருந்து பெங்களூரு பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளித் தெருவுக்கு வந்ததையும், தீப்பிடித்ததையும் எல்லாரும் பார்த்தோம். சுத்திகரிக்காத சாக்கடை முழுக் குற்றவாளி என்றாலும், அந்தச் சாக்கடைக்குள் நம் எல்லார் வீட்டு அலசல் தண்ணியும் இருந்தது.

1930களில் வைத்த பெயரில் பாதி வாக்கியம்தான் இருக்கிறது. 'கால்சியம் போச்சு' என்று எழுதியவர்கள் எங்கே என்று எழுதவில்லை. மீதிப் பாதியை எழுத உலகத்துக்கு ஐம்பது வருடமும் ஒரு பெரிய ஏரியும் தேவைப்பட்டது. கடினத்தன்மையை இன்று ஆய்வகத்தில் அளக்கும் ஈ.டி.டி.ஏ., ஜெர்மனியில் சாயப்பட்டறைகளின் கடின நீருக்காகப் பிறந்து, சூரிச்சில் ஷ்வார்ட்ஸன்பாக் கையில் அளவுகோலான கதை தனிக் குறிப்புக்கு உரியது. அடுத்து அதை எழுதுகிறேன்.